அண்ணன் நட்ட ஓலைக்குடை

நேற்று மகன் டவுனிலிருந்து துணிக்குடை ஒன்று வாங்கி வந்தான். விரித்து முகர்ந்து பார்த்தேன். குடையை முகரும் கிழவியை நீங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்! எனக்குக் குடை என்றால் நனைந்த பனையோலை வாசம். அதோடு அண்ணனும் வந்துவிடுவான்.

பெருமாட்டி என்ற ஊரில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அண்ணனுக்கு ஆள்தான் வளர்ந்தது, புத்தி வளரவில்லை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். மாட்டின் முகத்தைப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான்.

அம்மா இறந்த அன்று அவனைக் கொல்லங்கோட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவனிடம், "அம்மா ஊருக்குப் போயிருக்குது" என்றார் அப்பா. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மாவின் ஓலைக்குடையோடு வண்டித்தடத்தில் போய் நிற்பான்.

"குடைய உட்டுட்டுப் போயிருச்சு அம்மிணி. நனைஞ்சிரும்" என்பான் என்னிடம்.

மழைக்காலம் முழுக்க நின்றான். ஒருநாளும் அதைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தோப்பு மூலையில் அம்மாவைப் புதைத்த இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

"அண்ணா, நம்ம மயிலக்காளை செத்துச்சே, நெனப்பிருக்குதா?"

"நாந்தான குழி வெட்டுனேன். எந்திரிக்கல. தண்ணி குடிக்கல. கூப்புட்டேன், வரல."

"அம்மாவும் அப்படித்தான் செத்துப்போச்சு. இங்கதான் பொதச்சாங்க. இனிக் கூப்புட்டா வராது."

பெற்றவளை மாட்டோடு சேர்த்துச் சொன்னதற்கு அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணன் அன்றுதான் அழுதான். குடையை மண்மேட்டில் நட்டுவிட்டு வந்து சோறு தின்றான். பிறகு வண்டித்தடத்துக்குப் போகவே இல்லை. பதினைந்து வயதில் எனக்குப் பெரிய வாத்தியார் என்ற நினைப்பு.

தை மாதம் பொள்ளாச்சிப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் கிளம்பினால் அண்ணன் வண்டிக்குப் பின்னால் ஓடி வருவான் என்று, அன்றும் அவனைச் சந்தைக்கு அனுப்பினார்கள். நானும் சரியென்றுதான் வண்டி ஏறினேன்.

ஆடிக்குத்தான் தாய்வீடு வந்தேன். அண்ணனைத் தேடித் தோப்புக்குப் போனால், அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேடு. அதன்மேல் நான் விட்டுப்போன குடை.

அண்ணன் வந்து என் கையை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"தெனமும் கூப்புட்டேன் அம்மிணி. நீ வரல."

எத்தனை அழுதும் அந்தக் குற்றம் என்னை விட்டுப் போகவில்லை.

தோப்பு கைமாறிவிட்டது. மேடுகள் உழவில் போயின. அண்ணனும் போய் வெகுகாலம் ஆகிறது. என்னை அம்மிணி என்று கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டால் வரமாட்டான் என்பது நானே சொல்லிக்கொடுத்த பாடம். இருந்தும் மழை பிடித்தால் வாசலுக்குப் போய் ஒருதரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.