மூன்றாம் இரவும் கோழிக்கறியும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூதூர் வள்ளத்துக்காகக் காத்திருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு காலை. போர்க்கப்பல்கள் புறப்படுவதால் வள்ளங்களை மறித்துவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அந்தோனி, தவக்காலம் முழுவதும் இறைச்சி தொடாதவர், துணியால் மூடிய கோழிக்கறிச் சட்டியோடு இருக்கிறார். அவருடைய மைத்துனர் சாமுவேல் அதைத் திறக்க விடுவதாயில்லை.

“மூண்டு பகலும் மூண்டு இரவும் எண்டு வேதத்தில கிடக்கு மச்சான். ஆண்டவரை வெள்ளி பின்னேரம் அடக்கினவை. இரவை எண்ணிப் பார், ரெண்டுதான். நாளைக்குத்தான் திறக்கலாம்.”

“மூண்டாம் நாள் எண்டும் கிடக்குதடாப்பா! நாளைக்குக் கறி பழுதாப் போயிடும். ஐயா, நீங்கள் படிச்சவர், சொல்லுங்கோ.”

திறக்கச் சொன்னால் ஒருவருடைய விரதத்துக்கும், மறுத்தால் கறிக்கும் நான் பொறுப்பாளியாவேன். ஆகவே, நாளின் ஒரு பகுதியையும் முழுநாளாக எண்ணும் யூதர் வழக்கத்தை நிதானமாக விளக்கத் தொடங்குகிறேன். அபாயச் சங்கு ஊதுகிறது. அந்தோனியும் நானும் சட்டியை விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்கிறோம்.

அபாயம் நீங்கி ஏறி வந்தால், சட்டி வெறுமையாகக் கிடக்கிறது. துணி மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாமுவேல் வாயைத் துடைக்கிறார்.

“கோழி இங்க இல்லை மச்சான், உயிர்த்திட்டுது.”

அந்தோனி துள்ளிக் குதிக்கிறார்.

“அப்ப ஞாயிறுதான் எண்டு ஒத்துக்கொள்ளுறியோ?”