நான் வளர்த்த பச்சை உருவம்

எனக்கு எதையும் சட்டென்று நம்பிவிடும் புத்தி. நம்பிய கையோடு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே மண்டைக்குள் குடியிருந்தால் மனுஷன் என்ன ஆவான்? தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆனது போல ஆவான்.

அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலுக்குள்ளிருந்து கோதுமை மூட்டைகளை வலையில் கட்டிக் கொடுப்பார்கள். நான் தூக்கி, சுற்றி, கரையில் இறக்க வேண்டும். கீழே ஒரு சிக்னல்காரர் நிற்பார். அவர் கை காட்டாமல் கொக்கி அசையக் கூடாது. ஆனால் நிறுத்தச் சொல்வதற்கு மட்டும் சிக்னல்காரராக இருக்க வேண்டியதில்லை. டீ கொண்டு வருகிறவர் கத்தினாலும் நிறுத்தியாக வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது.

அந்த வருடம் எனக்கு ஒரு படபடப்பு பிடித்துக்கொண்டது. ஏணியில் ஏறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கீழே இத்தனை தலைகள் நடமாடுகின்றன, கை ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கா இப்படி அடித்துக்கொள்கிறது?

டோல்கேட் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அட்டையில் மனசை அமைதியாக்கும் திபெத்தியத் தியானம் என்று போட்டிருந்தது. எழுதியவர் எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர். பாதிப் புத்தகம் திபெத்தியத் தாந்திரிக நூல்களின் மொழிபெயர்ப்பு. மீதிப் பாதி அவருடைய சொந்த விளக்கம். எண்ணத்துக்கு உடம்பு உண்டு, நிறம் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பொருளால் அது ஆனது என்று எழுதியிருந்தார். லாமாக்கள் தியானத்தில் காணும் தெய்வம் அப்படிப்பட்ட எண்ண உடம்புதானாம். பயிற்சி முற்றினால் அது நமக்கு வேலைகூடச் செய்யுமாம்.

எங்கள் வீடு பௌத்த வீடு. அப்பா காலத்திலேயே மதம் மாறியாயிற்று. பேய், பூசாரி, மந்திரம் எல்லாம் தொலையட்டும் என்றுதான் வியாசர்பாடியில் எங்கள் ஆட்கள் புத்தரிடம் வந்தார்கள். தாந்திரிகம் என்று சொன்னாலே எங்கள் பௌத்த மன்றத்தில் முகம் சுளிப்பார்கள். அதனாலேயே எனக்கு ஆசை அதிகமானது என்று இப்போது தோன்றுகிறது.

தாரா என்ற பச்சை நிறப் பெண் தெய்வத்தைத் தேர்ந்தெடுத்தேன். பயத்தைப் போக்குகிறவளாம். வேறென்ன வேண்டும் எனக்கு? விடியற்காலையில் குளித்துவிட்டு உட்காருவேன். முதலில் வெட்டவெளி. அதில் ஒரு தாமரை. அதன்மேல் பச்சை எழுத்து ஒன்று. எழுத்திலிருந்து ஒளி பரவி, அவள் ஒரு காலை மடக்கி ஒரு காலைக் கீழே வைத்து, கூப்பிட்டால் எழுந்து வரத் தயாராக உட்கார்ந்திருப்பாள். வளையல் முதற்கொண்டு மனசுக்குள் வரைய வேண்டும். மூன்று மாதத்தில் கண்ணை மூடினால் பளிச்சென்று வந்து நின்றாள். நெஞ்சு அடங்கியது. கை வேர்ப்பது நின்றது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அப்புறம் கண்ணை மூடாமலேயே வர ஆரம்பித்தாள்.

முதலில் பஸ் ஜன்னலில். பிறகு வீட்டில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். ஒரு பச்சை நிழல், ஓரக்கண்ணில். என் மனைவி கவனித்துவிட்டாள்.

"இன்னாயா, செவுத்தப் பாத்துகினு நிக்கிற?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"புத்தர் படத்துக்கு முன்னால குந்திகினு வெள்ளக்காரன் பேய வளத்திகினு கீறியா? நல்லா கீதுயா உன் தியானம்!"

ஒரு நாள் மூட்டை வலை கரைக்கு மேல் வரும்போது அதன் அடியில் பச்சை தெரிந்தது. சட்டென்று நிறுத்திவிட்டேன். வலை ஊஞ்சலாடியது. கீழே யாரும் இல்லை. "இன்னா மாமு, தூங்கிட்டியா?" என்று சிக்னல்காரர் கத்தினார். அடுத்த வாரம் மறுபடியும் அப்படியே. இன்னொரு முறை நடந்தால் மேலதிகாரிக்கு எழுதிப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். கண் சரியில்லை என்று கிரேனிலிருந்து இறக்கிவிட்டால் என் குடும்பம் என்ன செய்யும்?

தியானத்தை நிறுத்தினேன். அவள் நிற்கவில்லை. பயந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டினால், வெள்ளைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார். எண்ண உடம்புக்குக் கவனம்தான் சாப்பாடு. கண்டாலும் காணாதது போல இருந்துவிட்டால் பட்டினியில் வாடிச் செத்துவிடும். சரி, பட்டினி போடுகிறேன் என்று முடிவு கட்டினேன். பச்சை தெரிந்தால் கண்ணைத் திருப்பாதே, கையை நிறுத்தாதே. இருபது நாள் இதையே பழகினேன். தெரியும், ஓட்டுவேன். தெரியும், ஓட்டுவேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கரையில் சிந்தும் கோதுமையைப் பெருக்கி அள்ள ராயபுரத்திலிருந்து ஒரு அக்கா வருவார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். எப்போதும் தலையில் துண்டு கட்டி, சாயம் போன பழுப்புச் சேலையில் வருகிறவர், அன்றைக்குப் பச்சை கட்டியிருந்தார். பெரிய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்ததாம். வேலை முடிந்து நேராகப் போகலாம் என்று கட்டி வந்திருக்கிறார்.

சிக்னல்காரர் இறக்கச் சொல்லிக் கை காட்டினார். அவர் நின்ற இடத்திலிருந்து லாரி மறைத்தது. எனக்கு எதுவும் மறைக்கவில்லை. வலைக்கு நேர் கீழே பச்சை குனிந்திருந்தது. பார்த்தேன். கையை நிறுத்தவில்லை.

யாரோ "நிறுத்து!" என்று அலறினார்கள். என் மனசு கேட்டதா, கை மட்டும் கேட்டதா, இன்றைக்கும் தெரியாது. கை நிறுத்தியது. வலை ஆடி, அந்த அக்காவின் கூடையை நசுக்கித் தரையில் தேய்த்தது. அவர் ஒரு முழம் தள்ளி விழுந்து கிடந்தார். முட்டியில் ரத்தம், அவ்வளவுதான். நான் கேபினிலேயே வாந்தி எடுத்தேன்.

விசாரித்த அதிகாரி, "பார்க்கலையா?" என்று கேட்டார். "பார்க்கலை சார்" என்றேன். மேலேயிருந்து எல்லாம் தெரியுமா என்று எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் கொளுத்தத்தான் எடுத்தேன். எதற்கோ மொழிபெயர்ப்புப் பகுதியை மறுபடி படித்தேன். கடைசியில் நாலே வரி. உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அவளை ஒளியாகக் கரைக்க வேண்டும், ஒளியை எழுத்துக்குள், எழுத்தை வெட்டவெளிக்குள். வந்ததும் போனதும் மனசே என்று அறிந்து எழ வேண்டும். அடிக்குறிப்பில் வெள்ளைக்காரர், இது சடங்கு மட்டுமே, நம் போன்றவர்களுக்குத் தேவையில்லை என்று எழுதியிருந்தார். நான் அந்த அடிக்குறிப்பை நம்பியிருந்தேன். அடப்பாவி! சாப்பிட்ட இலையை எடுக்காமல் நாள் தவறாமல் அதே இடத்தில் பந்தி போட்டிருக்கிறேன்.

அன்றே உட்கார்ந்தேன். கரைத்தேன். பல நாள் கரைத்தேன். பச்சை மெல்ல மெல்ல விலகியது.

ஒரு வாரம் கழித்து அந்த அக்கா கேட் வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றார். சுறாப் புட்டு.

"நீ நிறுத்தலன்னா எம் பொண்ணுங்க அனாதயா பூட்டிருக்கும் நைனா. துன்னு."

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கை நீளவில்லை.

"அக்கா, நான் உன்னப் பாத்தேன்."

"பாத்துதான நிறுத்துன?"

"இல்லக்கா. பாத்துட்டுத்தான் எறக்குனேன். நீ நெசமில்லன்னு நெனச்சிகினேன்."

முழுவதையும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. அதிகாரியிடம் போய்ச் சொல்லுவார், வேலை போய்விடும் என்றுதான் காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்குச்சட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் துடைப்பத்தோடு என் கிரேனுக்கு நேர் கீழே வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மேலே தூக்கி, கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"நைனா! நான் கீறனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏதோ கிண்டல் என்று நினைத்திருப்பார்கள்.

"கீறக்கா, கீற" என்றேன். அதற்குப் பிறகுதான் குனிந்து பெருக்க ஆரம்பித்தார்.

அவர் வேலைக்கு வந்த அத்தனை வருடமும் தினம் காலையில் இது நடந்தது. நான் ஒரு நாளும் உடனே பதில் சொன்னதில்லை. கண்ணை மூடித் திறந்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அதுவரை அவர் துடைப்பத்தைத் தரையில் வைக்காமல், அண்ணாந்தபடியே நிற்பார்.