சோற்றோடு குடித்த தேநீர்

பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர், இங்கத்திய பேச்சில் 'தே', ஆற்றுவது என் வேலை. பகல் கூட்டம் அடங்கியதும் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போவேன். கையில் ஒரு பொட்டலம் சோறும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரும் இருக்கும். மனைவி அதுவரை சாப்பிடாமல் காத்திருப்பாள். இறைச்சித் துண்டுகளை என் பக்கம் ஒதுக்கிவிட்டு, தனக்குக் குழம்பு போதும் என்பாள். ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தேநீர். அவளுக்காகத் தேயிலைச் சாயத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி எடுத்துப்போவேன். பிரியத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானாள். நான்காம் மாதத்திலிருந்து ஐஸ் கேட்டாள், குடிப்பதற்கு அல்ல, கடித்துத் தின்பதற்கு. மசக்கை என்று நினைத்து, கடையிலிருந்து அதையும் பையில் அள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் பழுதாகிக் கிடந்த ஒருநாள், மூன்றாம் மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க. மூச்சு வாங்குது."

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் லா," என்றேன். அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தும் அப்படிச் சொன்னேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் விரலைக் குத்தி ரத்தம் பார்த்த தாதியின் முகம் மாறியது.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குக்கா. மாத்திர போடுறீங்களா?"

மனைவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாந்தி வருகிறதென்று இரும்புச்சத்து மாத்திரைகளை அலமாரியிலேயே வைத்துவிட்டாளாம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒத்துக்கலன்னா டாக்டர்ட்ட சொல்லி வேற வாங்கிக்கலாம், நிறுத்திடாதீங்க. சாப்பாட்டுலயும் கவனிங்க. இறைச்சி, மீன், பருப்பு, கீரை எல்லாம் சாப்பிடணும். கீரை, பருப்புல எலுமிச்ச பிழிஞ்சுக்குங்க, இல்ல ரெண்டு துண்டு கொய்யா சாப்பிடுங்க. அப்பத்தான் அந்தச் சத்து ஒடம்புல நல்லாச் சேரும்." எழுதிக்கொண்டே கேட்டாள்: "சாப்பாட்டோட தே குடிப்பீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "இவர் கொண்டு வருவாரு..."

"அத விட்டுருங்க அண்ணே. சாப்பாட்டோட தே குடிச்சா சத்து சரியாச் சேராது. வேணும்னா ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள்தான் என் முழங்கையைத் தொட்டாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க."

மறுநாளிலிருந்து காலையில் பசாருக்குப் போய்விட்டுத்தான் கடைக்குப் போனேன். முருங்கைக்கீரை, கங்கோங் கீரை, நெத்திலி, கொய்யா. தேநீர் கொண்டுபோவதை நிறுத்தினேன். பொட்டலத்திலிருந்த இறைச்சியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். குமட்டலை அடக்கிக்கொண்டு சாப்பிட்டாள். புது மாத்திரையையும் தவறாமல் போட்டாள். ரத்தக் குறைவால் வந்த அந்த ஐஸ் ஆசை சில வாரத்தில் நின்றது. உதட்டில் லேசாக நிறம் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதம் தொடங்கியபோது, ஒரு காலையில் அவளுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. என் இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். இரண்டு நாள் இருந்தாள்.

டாக்டரிடம் தேநீரைப் பற்றிக் கேட்டேன். ரத்தக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றார். தேநீரால் குழந்தை சாகாது என்றும் சொன்னார். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். என் மனசு அதை ஏற்கவில்லை.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு நான் கபர்ஸ்தானிலிருந்து வந்த பிறகு அவள் தட்டைத் தொடவில்லை. நான் கீரை வாங்கி வருவதை நிறுத்தவில்லை.

"இப்ப யாருக்குங்க இது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒனக்குத்தான்," என்றேன். வெகுநேரம் கழித்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

சில மாதம் கழித்து அதே கிளினிக்கில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். "நல்லா ஏறியிருக்குக்கா, இப்ப சரியா இருக்கு," என்று தாதி சந்தோஷமாகச் சொன்னாள். மனைவி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும், "இந்த ரத்தம் அப்ப இருந்திருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டு அழுதாள். குழந்தை போனதிலிருந்து அவள் சத்தமாக அழுதது அன்றுதான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது. இன்னொன்றையும் விட்டுவிட்டோம்.