மூத்தவர் கரண்டி வைக்கும் வரை

எனக்கு எழுபத்தைந்து வயது. ஐந்து பெற்றேன், நான்கு பேரை வளர்த்தேன். பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். ஆனாலும் லண்டனில் செவன் கிங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் இருந்தவள் நான்.

அங்கே மரியா என்றொரு கிழவி இருந்தார். ரஷ்யாவில் டொன் ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கொசாக் ஊரில் பிறந்தவர். பரம்பரையாகக் குதிரைப்படைக்கு ஆண்களை அனுப்பிய ஊர். பிறகு வந்த அரசாங்கம் குதிரைகளையும் தானியத்தையும் எடுத்தது, மறுத்தவர்களையும் கொண்டுபோனது. யுத்தத்தில் மிச்ச ஆட்கள் வண்டி கட்டி ஓடினார்கள். முகாமுக்கு முகாம் ஆள் குறைந்து, இவர் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தார். நானும் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடி வந்தவள், இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு.

கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். தட்டைத் தள்ளிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“அன்ரி, உங்கட சிநேகிதி இப்பிடியே கிடந்தால் தப்பமாட்டா,” என்றாள் நர்ஸ் சுகந்தி.

“நான் குடுக்கிறன், பொறும்.”

“ஓம், உங்களுக்குத்தான் எல்லாரும் பயம்!”

ஏன் சாப்பிடவில்லை என்று மரியாவிடம் கேட்டேன்.

“தாத்தா இன்னும் வரேல்லை.”

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட நடுவே ஒரே பெரிய கோப்பையாம். மூத்தவர் கரண்டி வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்கலாம். முந்துகிற பிள்ளைக்கு மரக்கரண்டியால் நெற்றியில் அடி விழும்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய சூப்பில் ஒரு கரண்டி குடித்தேன். “நான் துவங்கிட்டன். இனிச் சாப்பிடுங்கோ.”

அவருக்குச் சிரிப்பு. “நீயோ? நீ என்னைவிடச் சின்னனடி. நெத்தியைக் காட்டு!”

“அப்ப இப்ப ஆர் உங்கட வீட்டில மூத்த ஆள்?”

சாப்பிட வைக்கத்தான் கேட்டேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரல் மடக்கினார். தாத்தா, தகப்பன், அண்ணன்மார், அயல் வீட்டார். விரல்கள் முடிந்தன. முகம் மாறியது.

“நான்தான்.”

ஒரு வாய் குடித்தார். மற்றவர்கள் தொடங்கலாம் என்று கோப்பை விளிம்பில் தட்டினார். நான் கரண்டி வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் இரண்டு பக்கத்திலும் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். கரண்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அதை எடுக்கவேயில்லை. டொக்டர் வந்தும் பலனில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

அவர் சொன்ன பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. அவற்றைச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஒருவர் யாருக்காகவாவது காத்திருந்தால், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அபி, பேத்தி, நான் சொல்ல நீ எழுதியதில் எழுத்துப் பிழையைப் பிறகு திருத்தலாம். முதலில் எனக்கு இதை ஒருக்கால் வாசித்துக் காட்டு.