இரண்டு இருபதுக்கு மூடும் ஊக்கு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை. நான் தையல்காரன். கால் அங்குலம் கூட்டிச் சொன்னாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும் தொழில். அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் சொல்கிறேன். நடந்தது பட்டப்பகலில்.

எங்கள் மகள் பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டது. வலது கை நரம்பு இழுபட்டு, கை துவண்டு தொங்கியது. "மூணு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள முழங்கையை அவளா மடக்கலைன்னா ஆபரேஷன்தான்," என்றார் டாக்டர். நான் சொல்லும் அந்தத் திங்கட்கிழமை, மூன்று மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி. எனக்குச் சோறு இறங்காத நாட்கள் அவை.

தினமும் நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு பயிற்சி, மூன்று மணிக்கு ஒன்று. நடுவில் அவள் தூங்குவதற்கு நான்காம் எண் அறை. ஒரு தொட்டில், இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம். பிசியோ மேடம் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "தூங்கும்போது கை வயித்து மேலதான் இருக்கணும். மேல தூக்கி வெச்சா தோள் அப்படியே இறுகிப்போயிடும்." அதற்காக மெல்லிய பருத்தித் துணியில் நானே ஒரு பட்டை தைத்திருந்தேன். கையை வயிற்றோடு சேர்த்துச் சுற்றி, பக்கவாட்டில் முடிச்சுப் போடுவேன்.

திங்கட்கிழமை 1.50க்கு அவள் தூங்கினாள். நானும் கண் அசந்துவிட்டேன்.

டிக்...

ஊக்கு மூடும் சத்தம். அதைத் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். மணி 2.20. பட்டை அவிழ்ந்து, நான்காக மடிந்து, தொட்டில் ஓரத்தில் இருந்தது. அவள் வலது கை தலைக்குப் பக்கத்தில் தூக்கியிருந்தது. சட்டைக் கையை விரிப்போடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தது. தடித்த பித்தளை ஊக்கு. இந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் அந்த ரகம் கிடைக்காது. கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன்.

வெளியே ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்களா குத்தினீங்க?" என்றேன்.

"எனக்கு எதுக்குங்க அந்த வேலை." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வீட்டில் மனைவி, குழந்தையின் சட்டையில் இருந்த இரண்டு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "கடை ஊக்கைக் குழந்தைகிட்ட கொண்டுபோகாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? குத்தியிருந்தா?" பித்தளை ஊக்கைக் காட்டலாம் என்று பைக்குள் கை விட்டேன். பை காலி. தையல்காரன் வீட்டில் ஊக்கு விஷயம் என்றால் வேறு யார் மேல் பழி விழும்? எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவளும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். அறைக்குள் தாழ்ப்பாள் போட்டோம். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

2.17. குழந்தை கண் விழித்தாள். எங்களைப் பார்க்கவில்லை. தொட்டிலுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

2.19. முடிச்சு அவிழ்ந்தது. தானாக... மெதுவாக...

பட்டை மடிந்தது. ஒன்று. இரண்டு.

கை எழுந்தது.

அவள் தூக்கவில்லை. அந்தக் கைக்கு அந்தச் சக்தி கிடையாது. மணிக்கட்டுக்கு மேலே சட்டைத் துணியில் நான்கு பள்ளம்... நான்கு விரல் அழுத்திப் பிடித்தால் விழும் பள்ளம்.

நான் முழங்கையைப் பிடித்தேன். அது மேலே இழுத்தது.

நான் கீழே இழுத்தால்... ஏற்கெனவே நைந்த நரம்பு.

விட்டுவிட்டேன்.

மனைவிதான் தொட்டிலுக்கு மேலே அந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள். "அப்படித் தூக்கக் கூடாதாம்மா... தோள் இறுகிப்போயிடுமாம். வயித்து மேலதான் வைக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க."

கை அந்தரத்தில் நின்றது. கடிகாரம் மட்டும் கேட்டது.

பிறகு இறங்கியது. அங்குலம் அங்குலமாக. வயிற்றின் மேல் படுத்தது. பட்டை சுற்றிக்கொண்டது. முடிச்சு விழுந்தது. அது என் முடிச்சு இல்லை. தட்டையாக, நுனி தோலில் உறுத்தாமல் உள்ளே மடித்த முடிச்சு.

மணி 2.20. ஊக்குச் சத்தம் வரவில்லை.

வெளியே வந்த எங்களைப் பார்த்ததும் ஆயா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "அந்தக் காலத்துல கையை மேல தூக்கி ஊக்கு குத்தறதுதான் வைத்தியம். ஒரு நர்ஸம்மா மத்தியானம் ரெண்டு இருபதுக்கு ரவுண்டு வந்து குத்துவாங்க. அவங்க குழந்தைக்கும் கை இப்படித்தான். அதுக்கும் அவங்களே குத்தினாங்க. அந்தக் கை அப்புறம் கீழ இறங்கவே இல்ல. இந்த முறையே தப்புன்னு டாக்டருங்க சொன்னது, அந்தம்மா செத்துப்போன பிறகு."

"இந்த ரூம்லதான் இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இந்தக் கட்டடமே அவங்க போனப்புறம் கட்டினதுங்க. ரூமுல என்ன இருக்கு? இப்படிக் கை இருக்கிற குழந்தை எங்க இருக்கோ, அங்க வருவாங்க."

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் மகள் முழங்கையை மடக்கினாள். ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் நின்று அழுதேன். இப்போது அவளுக்கு ஆறு வயது. அந்தக் கையால்தான் என்னை அடிக்கிறாள். பட்டையைப் பெட்டிக்குள் அடியில் போட்டுப் பூட்டியிருந்தோம்.

போன வாரம் எங்களுக்கு மகன் பிறந்தான். சுகப்பிரசவம். இரண்டு கையும் நன்றாக ஆடுகிறது என்று டாக்டரே சொன்னார்.

நேற்று மதியம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் தையல் மெஷினில் இருந்தேன், மனைவி குளிக்கப் போயிருந்தாள். 2.25க்கு எழுந்து போய்ப் பார்த்தேன். அவன் இடது கை வயிற்றின் மேல் இருந்தது. சுற்றிலும் அந்தப் பட்டை. பக்கவாட்டில் தட்டையான முடிச்சு.

பெட்டி பூட்டியபடியே இருந்தது.

நான் முடிச்சை அவிழ்த்தேன். அவன் விழித்து அழுதான். அழுதுகொண்டே வலது கையை ஆட்டினான்.

இடது கையை ஆட்டவில்லை. முந்தாநாள் வரை இரண்டையும் ஆட்டியவன்தான்.