நைனாவின் ஆபரேஷனும் என் கிடாரும்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இதயத்தில் அடைப்பு. பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புனே பக்கத்தில் அவர் வேலை பார்த்த தளேகாவ் கம்பெனியை மூடியதோடு அவருடைய மருத்துவ வசதியும் போயிற்று. அம்மாவின் நகையெல்லாம் எப்போதோ அடகுக்குப் போயாச்சு.

மிச்சம் என் கிடார்தான். தொண்ணூறுகளில் புனேயில் நாங்கள் குடியிருக்கும் போபோடியில் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த எலெக்ட்ரிக் கிடார். அதைத் தூக்கிக்கொண்டு கேம்ப் ஏரியாவில் பழைய கிடார் வாங்குகிற ஒருவரிடம் ஓடினேன். ஆட்டோவில் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை.

அந்த மனுஷர் அவசரமே படவில்லை. கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒவ்வொரு தந்தியாகத் தட்டிக் கேட்டார். ஸ்க்ரூவைக் கழற்றிக் கிடாரின் கழுத்தைப் பிரித்தார். அடியில் பென்சிலால் எழுதியிருந்த வருஷத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. தந்திக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் எல்லாம் ஒரிஜினல் என்றார். அப்பாடா, நைனா பிழைத்தார் என்று நினைத்தேன்.

அப்புறம் கிடாரின் உடம்பை நகத்தால் சுரண்டினார். "இந்தப் பச்சையை யார் அடிச்சது?" என்று இந்தியில் கேட்டார்.

வேறு யார், நைனாதான்! ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு வருஷம் மிச்சப் பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் காலேஜில் இருந்த நேரம் பார்த்து, என் கிடாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்தப் பாழாய்ப்போன மெஷின் பச்சையை அடித்து, சந்தனம் குங்குமமும் வைத்துவிட்டார். "பாரும்மா, புதுசாட்டம் ஆயிடுச்சு!" அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது?

"வெளுத்து வெடிச்சிருந்தாலும் பழைய நிறத்துக்குத்தான் விலை. இப்ப பாதிகூடத் தேறாது" என்றார் அவர். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன், அழுதேன். மனுஷர் மசியவில்லை. கிடாரை அங்கேயே விட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆபரேஷனுக்கு அது எந்த மூலைக்கு?

வார்டில் என்னைப் பார்த்ததும் நைனா மூச்சு வாங்க எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பெயிண்ட்டப் பாத்து என்னம்மா சொன்னாரு?"

"அசந்துட்டாரு நைனா."

முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. "அப்ப அவசரப்பட்டுக் குடுத்துடாத. இன்னும் ஏத்திக் கேளு."