வெங்காயத்தோடு இராட்டினம் ஏறியது

எண்பத்து நாலாம் ஆண்டு ஆனி மாதம், புத்தூரிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு இராட்டினம் ஏறப் போனோம். நானும் மகள் வசந்தியும். கூடவே இரண்டு கிலோ வெங்காயம், நான் சந்தையில் கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் வில்லுத் தராசு.

காரணம் பௌதிகவியல். உயர்தரப் பரீட்சையில் அது அவளுக்குச் சறுக்கிவிட்டது. இராட்டினத்தில் சுற்றும் பொருளைத் தராசு மேலே குறைத்தும் கீழே கூட்டியும் காட்டும் என்று ஒரு கணக்கு. "நம்பாததை எழுத எனக்கு ஏலாதப்பா. கலைப்பிரிவுக்கு மாறப்போறன்" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்ற நானும் நம்பவில்லை. இரண்டு கிலோ எங்கே தூக்கினாலும் இரண்டு கிலோதான் என்று இருபது வருடம் சந்தையில் வாதாடியவன். ஆனாலும் அவள் பாதியில் விடுவது பொறுக்கவில்லை. "நிறுத்துப் பாப்பம் பிள்ளை" என்றேன்.

2.40 பஸ். ஒன்பது மைல், ஐம்பது நிமிடம், ஆளுக்கு இரண்டு ரூபா. இருக்கை கிடைக்கவில்லை. கார்னிவல் நாலு மணிக்குத் திறந்தது; இராட்டினத்துக்கும் அதே இரண்டு ரூபா. நடுவிலிருந்து இருக்கை வரை பதின்மூன்று அடி என்றார் இராட்டினக்காரர். ஒரு சுற்றுக்கு எட்டு விநாடி என்று வசந்தி என் கைக்கடிகாரத்தில் பார்த்து, பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். மேலே ஒன்றரை கிலோ, கீழே இரண்டரை.

"அண்ணை, வெங்காயத்துக்கும் டிக்கெட் எடுத்தனீங்களோ?" என்றார் இராட்டினக்காரர்.

"அது இருக்காது, தொங்கிக்கொண்டுதான் வரும்."

"அப்ப அரை டிக்கெட்."

வசந்தி இரண்டு கையாலும் தராசைப் பிடித்தாள். முள்ளைப் பார்ப்பது என் வேலை. உச்சிக்குப் போனதும் கேட்டாள்:

"எவ்வளவப்பா?"

"பொறு பிள்ளை."

"கண்ணை மூடிக்கொண்டோ பாக்கிறியள்?"

"ஓம்."

மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தேன். உச்சியில் முள் ஒன்றரைக்கு வந்திருந்தது. கீழே வந்தபோது இரண்டரை. சத்தமாக வாசித்தேன். அடுத்த சுற்றில் தராசை என்னிடம் தந்துவிட்டுத் தானே பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னாள்: "அப்பா, கலைப்பிரிவுக்கு மாறேல்லை. இன்னொருக்காப் பௌதிகம் எடுக்கிறன்."

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் தராசை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சிறிய, வேகமான இராட்டினமாகப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் எடுக்கும் இந்தக் காலத்து இராட்சதச் சக்கரங்களில் எவ்வளவு உயரம் போனாலும் முள் அசையாது. இது என் சரக்கு இல்லை, வசந்தி சொன்னது. அவள் இப்போது பௌதிகவியல் படிப்பிக்கிறாள். வகுப்பில் நம்பமாட்டேன் என்று எழும்பி நிற்கும் பிள்ளைகளைத்தான் தனக்குப் பிடிக்கும் என்கிறாள்.